மீந்த பனீரும் சீஸும்: எப்படிக் காப்பது, யார் உண்பது?

சென்ற கோடையில் கே.கே. நகரைச் சேர்ந்த ஓர் அம்மையாரை அவருடைய மகள் அழைத்து வந்தார். அம்மையார் புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையில் மூன்றாம் சுற்றை முடித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, எழுந்து நிற்க இயலாத களைப்பு. என்ன உண்டார் என்று கேட்டேன். "வெளியில் எதுவுமே வாங்கிக் கொடுக்கவில்லை டாக்டர், எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான்" என்றார் மகள். சற்று நேரம் பேசாமல் இருந்த அம்மையார், "பிள்ளைகளுக்கு வாங்கின பனீர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நாலு நாளாச்சு. வீணாப் போகுதேன்னு நான்தான் சாப்பிட்டேன்" என்றார்.

அந்தப் பனீர்தான் நோய்க்குக் காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. சிகிச்சை பெற்று அவர் நலமாக வீடு திரும்பினார். எனினும் அன்று அவர் கூறிய சொற்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை. நம் வீடுகளில் மீந்ததை உண்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்மணி. அல்லது பகலெல்லாம் வீட்டில் தனித்திருப்பவர். அவரே நோயாளியாகவும் இருந்துவிட்டால், மிகுந்த பாதுகாப்புடன் உண்ண வேண்டியவருக்கே மிகப் பழைய உணவு போய்ச் சேருகிறது.

இம்மாதப் பாடம் மீந்த பனீரையும் சீஸையும் பாதுகாப்பாக வைத்திருக்கும் முறையைப் பற்றியது. அதனுடன் சேர்ந்தே இரண்டாவது கேள்வி ஒன்றும் வருகிறது: காத்து வைத்ததை எவர், எந்நாள் வரை உண்ணலாம்?

நோயாளியின் தட்டில் பனீர் எப்படி வந்தது?

ஒரு தலைமுறைக்கு முன்னர் திருச்சி வீடுகளில் பனீர் அரிது; சீஸ் அதனினும் அரிது. இன்று நிலைமை வேறு. அறுவைச் சிகிச்சைக்குப் பின்பும், புற்றுநோய்ச் சிகிச்சையின்போதும், காசநோய்க்கு மருந்து உட்கொள்ளும்போதும் உடலுக்குப் புரதம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. முட்டையும் மீனும் உண்ணாத குடும்பங்கள் ஸ்ரீரங்கத்திலும் இங்கும் பல உள்ளன. அவர்களிடம் உணவியல் ஆலோசகர் பருப்பு, தயிர் ஆகியவற்றுடன் பனீரையும் பரிந்துரைக்கிறார். 100 கிராம் பனீரில் ஏறத்தாழ 18 கிராம் புரதம் உண்டு. பரிந்துரை நல்லதே.

இடர்ப்பாடு அளவில் உள்ளது. கடையில் பொதுவாகக் கிடைப்பது 200 கிராம் பொட்டலம். வாய் கசந்து, பசி குன்றிய நோயாளி ஒரு வேளைக்கு உண்பது 50 கிராம். எஞ்சிய 150 கிராம் ஒரு கிண்ணத்தில் இடப்பட்டு, குளிர்சாதனப் பெட்டியின் ஏதோ ஒரு மூலையில் தங்கிவிடுகிறது. அன்றிலிருந்து எத்தனை நாளாயிற்று என்பது இரண்டே நாளில் அனைவருக்கும் மறந்துவிடும்.

நம் சமையலறை முன்பே அறிந்த பாடம்

பால் பொருள் எதுவாயினும் எத்தனை நாள் தாங்கும் என்பதை அதிலுள்ள நீரும் புளிப்பும் உப்புமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. இது நம் பாட்டிமார் அறிந்த செய்திதான். காய்ச்சாத பால் வெயில் நாளில் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். தயிரில் நீர் மிகுதியாக இருந்தாலும் அதன் புளிப்பு பல கிருமிகளைத் தடுப்பதால் அது பாலை விடத் தாங்கும். பாலை நெடுநேரம் சுண்டக் காய்ச்சி வெல்லமோ சர்க்கரையோ சேர்த்துச் செய்யும் திரட்டுப்பால் இன்னும் சில நாள் நிற்கும். நீர் முற்றிலும் நீங்கிய நெய் மாதக்கணக்கில் கெடாது.

இந்த வரிசையில் பனீரை எங்கே வைப்பது? பார்வைக்குக் கெட்டியான பொருள் என்பதால் அது நெய்க்கு அருகில் நிற்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது பாலுக்கு அருகில் நிற்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பனீரில் நீரின் அளவு 60 விழுக்காடு வரை இருக்கலாம். தயிருக்குள்ள புளிப்பும் அதற்கு இல்லை; உப்பும் இல்லை. ஆகவே கிருமி வளர வேண்டிய நீர், புரதம், மிதமான சூழல் ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே அமைந்துள்ளன.

சீஸ் வகைகள் இதிலிருந்து வேறுபடுகின்றன. செடார் போன்ற கெட்டிச் சீஸில் நீர் 40 விழுக்காட்டுக்கும் குறைவு, உப்பும் புளிப்பும் உண்டு, மாதக்கணக்கில் பதப்படுத்தப்படுவது. அதனால் அது பனீரை விடப் பல மடங்கு தாங்கும். வில்லைகளாகவும் சிறு கட்டிகளாகவும் கிடைப்பது பதப்படுத்திய சீஸ். 1911-இல் சுவிட்சர்லாந்தில் உருவான முறை அது. சீஸை உருக்கி, சிலவகை உப்புகளைச் சேர்த்து, மீண்டும் இறுகச் செய்வார்கள். வெப்ப நாடுகளுக்கு அனுப்பினாலும் கெடாத சீஸ் வேண்டும் என்பதே அம்முயற்சியின் நோக்கம். பீட்சாவின்மேல் தூவும் மொசரெல்லாவோ நீர் மிகுந்த மென்மையான வகை. காக்கும் முறையில் அதைப் பனீரின் உறவாகக் கொள்வதே நலம்.

குளிர் கிருமியைக் கொல்வதில்லை

"பிரிட்ஜில்தானே வைத்திருந்தோம்" என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். குளிர்ச்சி பெரும்பாலான கிருமிகளின் வளர்ச்சியை மெதுவாக்கும், அவற்றைக் கொல்லாது. மேலும், குளிரிலேயே வளரவல்ல கிருமி ஒன்றும் உண்டு. அதன் பெயர் லிஸ்டீரியா. 1926-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆய்வு முயல்களிடையே பரவிய ஒரு நோயை ஆராய்ந்தபோது அது விவரிக்கப்பட்டது. பின்னர், அறுவைச் சிகிச்சையில் கிருமி நீக்கத்தை நிலைநாட்டிய ஜோசஃப் லிஸ்டரின் நினைவாக இப்பெயர் சூட்டப்பட்டது. 4 டிகிரி செல்சியஸ் குளிரிலும் அது மெல்ல மெல்லப் பெருகும். உணவின் நிறமோ மணமோ சுவையோ மாறாது.

உடல்நலம் உள்ளவருக்கு லிஸ்டீரியா பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை; செய்தாலும் இரண்டு நாள் வயிற்றுப்போக்குடன் நின்றுவிடும். கர்ப்பிணிகள், பச்சிளம் குழந்தைகள், முதியோர், புற்றுநோய் மருந்து பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், நீண்ட நாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர், டயாலிசிஸ் செய்துகொள்வோர், கல்லீரல் சுருக்கம் உள்ளோர் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுக்கு அது இரத்தத்திலும் மூளை உறையிலும் பரவி உயிருக்கே இடராகலாம்.

1985-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நிகழ்ந்தது இதற்கு மறக்கவொண்ணாச் சான்று. மெக்சிகோ பாணியில் செய்த, பதப்படுத்தி முதிர்விக்காத மென்மையான புதுச் சீஸ் ஒன்றை உண்டவர்களிடையே லிஸ்டீரியா நோய் பரவியது. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் மட்டும் 142 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 93 பேர் கர்ப்பிணிகளும் அவர்களுடைய சிசுக்களும் ஆவர். எஞ்சியவர்களுள் பெரும்பாலோர் முன்பே வேறு நோயால் பலவீனமுற்றிருந்தவர்கள். மொத்த இறப்பு 48. அவற்றுள் 30 கருவிலிருந்த சிசுக்களும் பிறந்த குழந்தைகளும். காய்ச்சிப் பதப்படுத்திய பாலுடன் காய்ச்சாத பால் கலந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

நம் பனீர் அதே வகை உணவா? ஓரளவுக்கு ஆம், ஆனால் ஒரு நல்ல வேறுபாடு உண்டு. பாலை நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே நாம் பனீர் செய்கிறோம்; அப்போது லிஸ்டீரியா முதலான கிருமிகள் அழிகின்றன. ஆபத்து அதன் பின்னரே நுழைகிறது: பிழியும் துணி, வெட்டும் பலகை, கத்தி, கை, திறந்த தட்டு, மூடாத கிண்ணம் ஆகியவற்றின் வழியாக. எனவே, பனீர் செய்யப்பட்ட பின் அதை நாம் எவ்வாறு கையாளுகிறோம் என்பதே பாதுகாப்பின் பெரும்பகுதி.

கடையிலிருந்து வீடு வரை

சித்திரை, வைகாசியில் திருச்சியின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. அத்தகைய நாளில் சத்திரம் பேருந்து நிலையத்தருகே பனீர் வாங்கி, தில்லை நகரில் வேறு ஒரு வேலையை முடித்துக்கொண்டு கே.கே. நகர் வந்து சேரும்போது, பொட்டலம் தன் குளிரை முழுதும் இழந்திருக்கும்.

சமைத்த உணவையும் பால் பொருள்களையும் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்பது பொது விதி. வெளிவெப்பம் 32 டிகிரியைக் கடந்தால் அந்த இரண்டு மணி ஒரு மணியாகச் சுருங்கும். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதியிலும் பகலில் ஒரு மணி நேரக் கணக்கையே கொள்ளுங்கள். பனீரையும் சீஸையும் கடைசியாக வாங்குங்கள். நேரே வீடு திரும்புங்கள். கொடைக்கானல் சென்று வருவோர் அங்கே தயாராகும் சீஸை வாங்கி வருவது வழக்கம். மலையின் குளிரில் வாங்கிய அது, மணிக்கணக்கான பயணத்தில் சமவெளியின் வெயிலுக்கு இறங்கி வருகிறது என்பதை நினைவில் கொண்டு, பனிக்கட்டி இட்ட பெட்டியில் எடுத்து வாருங்கள்.

நோயாளிக்கு வாங்குவதாயின், திறந்த தட்டில் வைத்து நிறுத்து விற்கும் பனீரைத் தவிர்த்து, நாள் குறித்த முத்திரையிட்ட பொட்டலத்தையே தேர்ந்தெடுங்கள். வீட்டில் செய்வதாயின், வடிகட்டும் துணியைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் இட்டுப் பிழிந்த பிறகு பயன்படுத்துங்கள்.

மீதமான பின் அன்று, முதல் நாளிலேயே பிரியுங்கள்

இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே. உண்டு மீந்ததைக் காப்பது கடினம். உண்ணும் முன்பே பிரித்ததைக் காப்பது எளிது.

பொட்டலத்தைத் திறந்தவுடன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, காய்கறியோ இறைச்சியோ வெட்டாத சுத்தமான பலகையில் பனீரை நான்கு பங்காக்குங்கள். இன்றைக்கு ஒரு பங்கு. நாளைக்கு ஒரு பங்கு. எஞ்சிய இரண்டும் உடனே ஃப்ரீசருக்குச் செல்ல வேண்டும்.

நாளைக்குரிய பங்கை மூடியுள்ள எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு, கொதித்து ஆறிய குடிநீரை அது மூழ்கும் வரை ஊற்றி மூடிவையுங்கள். நீர், பனீர் காய்ந்து இறுகாமல் காக்கும்; கிருமியைத் தடுக்காது. ஆகவே அந்நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். உடல்நலம் உள்ளோர் இவ்வாறு வைத்ததை மூன்று நாளுக்குள் உண்ணலாம். மேலே குறிப்பிட்ட நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மறுநாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அதையும் குழம்பிலோ குருமாவிலோ கொதிக்க விட்ட பின்னரே கொடுங்கள். பச்சையாகத் துருவிச் சாலட்டில் தூவுவது அவர்களுக்கு வேண்டாம்.

ஃப்ரீசருக்குரிய பங்குகளை நீரின்றித் துடைத்து, தனித்தனிச் சிறு பைகளில் காற்று நீக்கிக் கட்டி, மேலே தேதியை எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பயன்படுத்துங்கள். உறைந்த பனீர் சற்றே உதிரும் தன்மை பெறும், புரதம் குறையாது. முட்டைப் பொரியலைப் போல உதிர்த்துச் செய்யும் பனீர் புர்ஜிக்கு அது மிகவும் ஏற்றது. தேவைப்படும்போது முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி இளகச் செய்யுங்கள். அல்லது உறைந்தபடியே கொதிக்கும் குழம்பில் இடுங்கள். சமையல் மேடையில் வைத்து இளக்குவதும், இளகியதை மீண்டும் உறைய வைப்பதும் கூடாது.

கெட்டிச் சீஸ்: முதலில் பட்டர் பேப்பரில் சுற்றி, பிறகு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் தாளை மட்டும் இறுகச் சுற்றினால் உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். ஒன்றுமே சுற்றாவிட்டால் காய்ந்து வெடிக்கும். ஒவ்வொரு முறை வெட்டிய பின்பும் புதுத் தாள் சுற்றுங்கள். திறந்த கட்டி மூன்று அல்லது நான்கு வாரம் தாங்கும்.

வில்லைகளும் சிறு கட்டிகளும்: தனித்தனி உறையைப் பிரிக்காமல் டப்பாவில் வையுங்கள். ஓர் உறையைப் பிரித்தால் அதை அன்றே தீர்த்துவிட வேண்டும். சிறுநீரக நோயாளிகள் ஒன்றை அறிய வேண்டும்: இவ்வகைச் சீஸில் சேர்க்கப்படும் உப்புகளில் சோடியமும், பல வேளைகளில் பாஸ்பேட்டும் மிகுதி. கெடாமல் இருக்கிறது என்பதால் அவர்கள் உண்ணத் தக்கது ஆகிவிடாது. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

துருவிய மொசரெல்லா: திறந்த அன்றே சிறு பைகளாகப் பிரித்து உறைய வையுங்கள். கீழ்த்தட்டில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும்.

தடவும் சீஸ்: ஈரமற்ற சுத்தமான கரண்டியால் மட்டும் எடுங்கள். ரொட்டியில் தடவிய கத்தியை மீண்டும் புட்டியில் விடாதீர்கள். திறந்த பின் எத்தனை நாள் என்று புட்டியிலேயே குறித்திருப்பார்கள், அதைப் பின்பற்றுங்கள்.

சமைத்த பனீர்: பனீர் குருமா, பனீர் பிரியாணி, மீந்த பீட்சா ஆகியவற்றை ஆழமற்ற பாத்திரத்தில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் குளிரில் வையுங்கள். நோயாளிக்கு மறுநாள் வரை. மற்றவர்க்கு மூன்று நாள் வரை. ஒரே ஒருமுறை, நடுப்பகுதியும் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். வார்டில் இருக்கும் நோயாளிக்குக் காலையில் டிபன் கேரியரில் கட்டிய பனீர் உணவை மதியம் வரை வெளியே வைத்திருந்து கொடுப்பது வேண்டாம்.

பெட்டியில் எங்கே வைப்பது?

பலரும் பால் பொருள்களைக் கதவில் வைக்கிறார்கள். இட்லி மாவுக்கும் தண்ணீருக்கும் நாள் முழுதும் திறந்து மூடப்படும் அந்தக் கதவுதான் பெட்டியிலேயே வெப்பம் மிக ஏறி இறங்கும் இடம். பனீரை நடுத்தட்டின் உட்புறத்தில் வையுங்கள். கெட்டிச் சீஸைக் காய்கறி அறையில் வைக்கலாம். பச்சை இறைச்சி, மீன் ஆகியவை எப்போதும் இவற்றுக்குக் கீழேயே இருக்கட்டும். மேலே இருந்தால் அவற்றின் நீர் சொட்டும்.

பெட்டிக்குள் வெப்பநிலை 4 டிகிரிக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். ஒரு குவளை நீரில் சமையல் வெப்பமானியை இட்டு இரவு முழுதும் உள்ளே வைத்து, காலையில் பாருங்கள். நோயாளி இருக்கும் வீட்டில் காய்ச்சல் பார்க்கும் கருவியைப் போலவே இதுவும் பயனுள்ள ஒரு கருவி.

மின்தடையும் பூட்டிய வீடும்

பராமரிப்புப் பணிக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாட்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. அந்நாளில் பெட்டியைத் திறக்காமல் இருந்தால் கீழ்த்தட்டுகள் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாளும், பாதி நிறைந்தது ஒரு நாளும் தாங்கும். எனவே மின்தடைக்கு முந்தின நாளே பனீரை மேலே மாற்றிவிடுங்கள். நான்கு மணிக்கு மேல் கீழ்த்தட்டிலேயே இருந்த பனீரையும் மென்மையான சீஸையும் நோயாளிக்குக் கொடுக்க வேண்டாம். கெட்டிச் சீஸுக்கு அவ்வளவு அச்சம் இல்லை.

நோயாளியுடன் மருத்துவமனையில் ஒரு வாரம் தங்கி வீடு திரும்பும் உறவினர்களுக்கு ஓர் எளிய உத்தி உண்டு. வீட்டைப் பூட்டும் முன், ஒரு கிண்ணத்தில் நீரை உறைய வைத்து, பனிக்கட்டியின் மேல் ஒரு நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் நலம். அடியில் மூழ்கிக் கிடந்தால், நீங்கள் இல்லாத நாட்களில் மின்சாரம் நெடுநேரம் நின்று, எல்லாம் இளகி மீண்டும் உறைந்திருக்கின்றன என்று பொருள். அப்போது உள்ளே இருக்கும் பனீரைக் களைந்துவிடுங்கள். நோயாளி வீடு திரும்பும் முதல் நாள் உணவு புதிதாகச் சமைத்ததாகவே இருக்கட்டும்.

பூசணத்தை வெட்டி எடுத்தால் போதுமா?

கெட்டிச் சீஸில் ஓரிடத்தில் மட்டும் பூசணம் கண்டால், அதைச் சுற்றிலும் கீழேயும் இரண்டரை சென்டிமீட்டர் ஆழம் நீக்கிவிட்டு, கத்தி பூசணத்தில் படாதவாறு எஞ்சியதை உடல்நலம் உள்ளோர் பயன்படுத்தலாம். பனீர், மொசரெல்லா, துருவிய சீஸ், வில்லை ஆகியவற்றில் இது செல்லாது. ஈரம் மிகுந்த பொருளில் பூசணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உட்புறம் ஓடியிருக்கும். நோயாளிக்காயின் எவ்வகைச் சீஸாக இருந்தாலும் பூசணம் கண்டதை முழுதுமாகக் களைய வேண்டும்.

பூசணம் இல்லை, நாற்றமும் இல்லை என்பதும் சான்றாகாது. பனீர் வழவழப்பாகி, புளித்த மணம் வீசினால் அது கெட்டது உறுதி. ஆயினும் லிஸ்டீரியாவோ நஞ்சு உண்டாக்கும் வேறு கிருமியோ இந்த அடையாளங்களைக் காட்டாமலேயே இருக்கலாம். "ஒரு வாய் சுவைத்துப் பார்க்கிறேன்" என்று சோதிப்பது வேண்டாம்.

"நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். கொதி லிஸ்டீரியாவைக் கொல்லும். அதனால்தான் கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்றேன். ஆனால் நம் தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி, வெளியில் வைத்த உணவில் பெருகும்போது ஒரு நஞ்சைச் சுரக்கிறது. கிருமி கொதியில் இறந்தாலும் அந்த நஞ்சு எளிதில் அழியாது. உண்ட சில மணி நேரத்திலேயே கடும் வாந்தி தொடங்கும். கொதி, தவறான சேமிப்பைத் திருத்தும் மருந்தன்று.

பழைய சீஸும் சில மருந்துகளும்

1960-களில் இங்கிலாந்தில் ஒரு மருந்தாளுநர், மனச்சோர்வுக்கு மருந்து உட்கொண்டிருந்த தம் மனைவிக்குச் சீஸ் உண்ணும்போதெல்லாம் கடும் தலைவலி வருவதைக் கவனித்தார். மருத்துவர் பாரி பிளாக்வெல் அதை ஆராய்ந்து 1963-இல் எழுதினார். சீஸ் முதிர முதிர அதில் டைரமின் என்னும் பொருள் பெருகுகிறது. உடல் அதை எளிதில் சிதைத்துவிடும். சில மருந்துகள் அச்சிதைவைத் தடுக்கும்போது இரத்த அழுத்தம் திடீரென உயரும்.

இன்று நம்மிடையே இதில் கவனம் தேவைப்படுவோர் லினிசோலிட் உட்கொள்வோர். காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியசிடுடனும் சீஸ் உண்டபின் முகச் சிவப்பு, படபடப்பு, தலைவலி ஏற்பட்டமை அரிதாகப் பதிவாகியுள்ளது. புதிய பனீரில் டைரமின் மிகக் குறைவு. ஆகவே பனீருக்கு அஞ்ச வேண்டாம். முதிர்ந்த சீஸையும் நாள்பட வைத்திருந்ததையும் தவிருங்கள். கொதிக்க வைப்பதால் டைரமின் நீங்காது. எக்காரணத்தைக் கொண்டும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்; ஐயம் இருப்பின் மருத்துவரைக் கேளுங்கள்.

எப்போது உடனே வர வேண்டும்?

புற்றுநோய் மருந்து பெறுவோருக்கு 38 டிகிரி, அதாவது 100.4 பாரன்ஹீட் அளவைத் தொடும் காய்ச்சல் எதுவாயினும் அவசர நிலையே. இரவென்றும் பாராமல் வாருங்கள். கர்ப்பிணிகளுக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுக்கும் காத்திருக்கலாகாது. வாகனம் இல்லையேல் 108-ஐ அழையுங்கள்.

லிஸ்டீரியா நோய், உண்ட மறுநாளே தோன்ற வேண்டும் என்பதில்லை. சில வாரங்கள் கழித்தும் தோன்றலாம். ஆகவே மருத்துவர் உணவைப் பற்றிக் கேட்கும்போது நேற்றைய உணவோடு நிறுத்தாமல், சென்ற மாதத்தில் உண்ட பழைய பனீரையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். உங்களைக் குறை கூறுவதற்காக அக்கேள்வி கேட்கப்படுவதில்லை. உரிய மருந்தைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

வீட்டார் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியவை

1. நம் வீட்டில் மீந்ததை வழக்கமாக உண்பவர் யார்? அவர் உடல்நிலை என்ன?
2. இப்போது குளிர்சாதனப் பெட்டியில் உள்ள பனீரை எந்நாளில் திறந்தோம்? அதன்மேல் தேதி உள்ளதா?
3. அது கதவில் இருக்கிறதா, உட்புறத்தில் இருக்கிறதா? மூடியிருக்கிறதா?
4. அடுத்த முறை முதல் நாளிலேயே பங்கிட்டு உறைய வைக்கப்போவது யார்?

உணவை வீணாக்கலாகாது என்னும் பண்பு நம்முடைய செல்வம். அதைக் கைவிடும்படி நான் கூறவில்லை. அளவாக வாங்குவதாலும், முதல் நாளே பிரிப்பதாலும், நாள் கடக்கும் முன்பே உடல்நலம் உள்ளோர் உண்டு தீர்ப்பதாலும் அப்பண்பைக் காக்கலாம். நாள் கடந்துவிட்ட 50 கிராம் பனீரை நோயாளி உண்டு காப்பாற்ற வேண்டியதில்லை.

அந்த அம்மையார் அடுத்த சுற்றுச் சிகிச்சைக்கு வந்தபோது, வீட்டில் இப்போது ஒரு புது ஏற்பாடு என்று சொன்னார். பனீர்ப் பைகளின்மேல் பேத்தி தேதி எழுதி ஒட்டுகிறாளாம். நாள் கடந்ததை எடுக்க அவர் கை நீட்டினால், "பாட்டி, அது உங்க பங்கு இல்லை" என்று தடுத்துவிடுகிறாளாம். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கட்டும்.